உழைச்செல்வார்: பணியாற்றிக்கொண்டே பட்டம் பெறும் செவிலியக் கல்வி

'மருந்து' என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளில் வள்ளுவப் பெருந்தகை மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பகுத்துக் காட்டுகிறார். நோயுற்றவர், நோய் தீர்ப்பவர், மருந்து என்னும் மூன்றோடு அவர் நிறுத்திக்கொள்ளவில்லை. 'உழைச்செல்வான்' என நான்காமவர் ஒருவரையும் சேர்த்தே எண்ணுகிறார். உழை என்பது பக்கம். நோயாளியின் பக்கத்திலிருந்து மருத்துவர் சொன்னதைச் செய்து முடிப்பவரே உழைச்செல்வார். அவரை இன்று நாம் செவிலியர் என்கிறோம். செவிலி என்ற சொல்லோ, சங்க அக இலக்கியத்தில் தலைவியை வளர்த்து ஆளாக்கிய தாயைக் குறிப்பது. ஆக, அறிவும் அன்பும் ஒருங்கே வேண்டப்படும் பணி இது என்பதைத் தமிழ் மரபே உணர்த்தி நிற்கிறது.

இஸ்லாமிய வரலாறும் இதற்குச் சான்று பகர்கிறது. ஹிஜ்ரி 5 ஆம் ஆண்டில் நிகழ்ந்த அகழ்ப் போரில் சஅத் இப்னு முஆத் (ரலி) அவர்கள் அம்பு தைத்துக் காயமுற்றபோது, அவர்களை ருபைதா (ரலி) அம்மையாரின் கூடாரத்தில் வைத்துப் பேணுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்தார்கள். அக்கூடாரம் மதீனாப் பள்ளிவாசலின் எல்லைக்குள்ளேயே அமைந்திருந்தது. உம்மு அதிய்யா (ரலி) அவர்கள் ஏழு போர்களில் உடன்சென்று நோயுற்றோரைக் கவனித்ததை ஹதீஸ் நூல்கள் பதிவு செய்துள்ளன. செவிலியப் பணி நம் பெண்களுக்கு ஏற்றதா என ஐயுறுவோர் இவ்விரு வரலாறுகளையும் எண்ணிப் பார்த்தல் நலம்.

இத்தகைய பணியைக் கற்பது எப்படி? வகுப்பறையிலா, நோயாளியின் கட்டிலருகிலா? இவ்வினாவுக்கு உலகம் காலந்தோறும் வெவ்வேறு விடைகளைக் கண்டிருக்கிறது.

மருத்துவமனையே பள்ளி

கிரிமியப் போரில் புகழ்பெற்ற பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரின் பெயரால் 1860 இல் இலண்டன் புனித தாமஸ் மருத்துவமனையில் செவிலியர் பயிற்சிப் பள்ளி தொடங்கப்பெற்றது. சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1871 இல் பயிற்சி தொடங்கியது. வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையாரின் மருத்துவமனையில் 1909 இல் செவிலியர் பள்ளி உருவாயிற்று. அங்கே 1946 இல் சென்னைப் பல்கலைக்கழக இணைப்புடன் செவிலியப் பட்டப்படிப்பு தோன்றியது. அதே ஆண்டில் தில்லியிலும் பட்டப்படிப்பு தொடங்கியது.

அக்காலப் பயிற்சி முறையில் மாணவி விடுதியில் தங்கி, நோயாளர் கூடங்களில் பணிபுரிந்துகொண்டே கற்றாள். கை பழகியது, மனமும் பழகியது. ஆயினும் ஒரு குறை இருந்தது. ஆள் பற்றாக்குறை மிகுந்த மருத்துவமனைகளில் மாணவியின் உழைப்பு முதலிடம் பெற, அவளது பாடம் இரண்டாம் இடத்துக்குத் தள்ளப்பட்டது. இக்குறையைப் போக்கவே செவிலியக் கல்வி மெல்ல மெல்லப் பல்கலைக்கழகங்களை நோக்கி நகர்ந்தது. இங்கிலாந்தில் 2013 முதல் புதிதாகச் சேர்வோருக்குப் பட்டப்படிப்பே நுழைவாயில் என்றாயிற்று.

இங்கிலாந்தின் புதிய வழி

பல்கலைக்கழகக் கல்வி அறிவை உயர்த்தியது, செலவையும் உயர்த்தியது. செவிலிய மாணவர்க்கு இங்கிலாந்து அரசு வழங்கிவந்த உதவித்தொகை 2017 இல் புதிய மாணவர்க்கு நிறுத்தப்பட்டு, கடன் முறை வந்தது. ஏறத்தாழ அதே காலத்தில்தான் 'தொழிற்பழகுநர் பட்டம்' என்னும் வழியும் செவிலியத்துக்குத் திறக்கப்பட்டது.

இதன் அமைப்பு எளிமையானது. கற்பவர் முதலில் ஒரு மருத்துவமனையின் ஊழியராக நியமனம் பெறுகிறார். மாதந்தோறும் ஊதியம் பெறுகிறார். பல்கலைக்கழகக் கட்டணத்தை அவர் செலுத்துவதில்லை. பெரிய நிறுவனங்கள் தம் ஊதியச் செலவில் ஒரு பங்கைத் தொழிற்பழகுநர் நிதிக்குச் செலுத்துகின்றன. கட்டணம் அந்நிதியிலிருந்து செல்கிறது. படிப்பு வழக்கமாக நான்கு ஆண்டுகள். பதிவுபெறுவதற்கு மொத்தம் 4,600 மணி நேரக் கல்வி வேண்டும். அதில் பாதி பாடம், பாதி நோயாளியிடத்துப் பயிற்சி. இந்த அளவு வழக்கமான பட்ட மாணவருக்கும் தொழிற்பழகுநருக்கும் ஒன்றே. பயிற்சி நேரத்தில் அவர் கற்பவராகவே கருதப்பட வேண்டும். ஆள் குறைவை நிரப்பும் கையாக அவரைக் கணக்கிடலாகாது. பழைய முறையின் குறை மீண்டும் தலைதூக்காதிருக்க இடப்பட்ட வேலி இது. ஏற்கெனவே மருத்துவமனையில் உதவியாளராக இருந்து, குடும்பச் சுமையால் கல்லூரி செல்ல இயலாத பலருக்கு இவ்வழி பெரும் வாய்ப்பாக அமைந்தது.

நம் நாட்டில் உள்ள படிகள்

நம் நாட்டில் பட்டச் செவிலியக் கல்வி இவ்வாறு ஊதியத்தோடு அமையவில்லை. எனினும் கற்றலையும் பணியையும் இணைக்கும் படிகள் இல்லாமலில்லை.

முதற்படி, துணைச் செவிலியர் மற்றும் மகப்பேற்று உதவியாளர் பயிற்சி, இரண்டாண்டுகள். அடுத்தது, பொதுச் செவிலியம் மற்றும் மகப்பேற்றுப் பட்டயம், மூன்றாண்டுகள். இதற்குக் கலைப்பிரிவு பயின்றோரும் விண்ணப்பிக்கலாம். மூன்றாவது, நான்காண்டு பி.எஸ்ஸி. நர்சிங் பட்டம். இதற்கு மேல்நிலை வகுப்பில் இயற்பியல், வேதியியல், உயிரியல் பயின்றிருத்தல் வேண்டும். பட்டயம் முடித்துப் பதிவுபெற்றவர், பின்னர் இரண்டாண்டு 'போஸ்ட் பேசிக்' பி.எஸ்ஸி. படித்துப் பட்டதாரியாகலாம். பட்டயத்தோடு பணியில் அமர்ந்து, சில ஆண்டு சம்பாதித்துப் பின் பட்டம் பெறும் இந்த ஏணியே, தொழிற்பழகுநர் பட்டத்துக்கு நம்மிடையே மிக நெருங்கிய உறவு எனலாம்.

பட்டப்படிப்பிலும் களப்பயிற்சிக்குக் குறைவில்லை. 2021 இல் திருத்தியமைக்கப்பட்ட பாடத்திட்டத்தின்படி இறுதிப் பருவம் முழுவதும் உள்ளுறைப் பயிற்சியே. வாரத்துக்கு 48 மணி நேரமாக 22 வாரங்கள், அதாவது 1,056 மணி நேரம் மாணவர் மருத்துவமனையிலும் சமூக நலப்பணியிலும் நிற்க வேண்டும்.

பதிவு என்னும் வாயில்

மாணவரும் பெற்றோரும் கட்டாயம் தெளிய வேண்டிய செய்தி ஒன்றுண்டு. சான்றிதழ் வேறு, பதிவு வேறு. சென்னை மாகாணத்தில் 1926 ஆம் ஆண்டிலேயே செவிலியர் சட்டம் இயற்றப்பட்டது. அதன் வழிவந்ததே தமிழ்நாடு செவிலியர் மற்றும் மகப்பேற்று உதவியாளர் கவுன்சில். அகில இந்திய அளவில் 1947 ஆம் ஆண்டுச் சட்டத்தால் இந்திய நர்சிங் கவுன்சில் அமைந்தது. அச்சட்டத்துக்கு மாற்றாகத் தேசிய ஆணையம் அமைக்க 2023 இல் நாடாளுமன்றம் புதிய சட்டம் இயற்றியுள்ளது. அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தில் பயின்று, தேர்ச்சியடைந்து, மாநிலக் கவுன்சிலின் பதிவேட்டில் பெயர் ஏறியவரே பதிவுபெற்ற செவிலியர்.

சிற்றூர்களிலும் சிறு நகரங்களிலும் ஆறு மாதம், ஓராண்டு என 'நர்சிங்' பயிற்சி தருவதாகச் சொல்லும் விளம்பரங்களைக் காண்கிறோம். பத்தாம் வகுப்போடு அவற்றில் சேரும் பெண்கள் சீருடை அணிகிறார்கள். ஊசி போடவும் பழகுகிறார்கள். ஆனால் அப்பயிற்சியைக் கொண்டு பதிவேட்டில் ஏற முடியாது. அரசுப் பணிக்கோ அயல்நாட்டுப் பணிக்கோ செவிலியராக விண்ணப்பிக்க இயலாது. பத்தாண்டு உழைத்தாலும் அவர்கள் உதவியாளரே. கட்டணம் செலுத்துமுன் அந்நிறுவனம் கவுன்சிலின் அங்கீகாரப் பட்டியலில் உள்ளதா என்று பார்க்க அரை நாள் போதும். பாராமல் விட்டால் ஒரு பெண்ணின் ஆயுள் முழுவதும் அதற்கு விலையாகிவிடும்.

செட்டிகுளத்திலிருந்து ஒரு நோக்கு

பெரம்பலூர் மாவட்டத்துச் செட்டிகுளம் வட்டாரம் சின்ன வெங்காயத்துக்குப் பெயர்பெற்றது. வெங்காயம் விலை போகும் ஆண்டில் வீட்டில் கல்விக் கட்டணத்துக்குக் கவலையில்லை. விலை சரிந்த ஆண்டிலோ முதலில் நிற்பது பெண்பிள்ளையின் படிப்பு. இத்தகைய குடும்பங்களுக்குக் கட்டணம் கேட்காமல் ஊதியம் தரும் கல்வி எவ்வளவு பெரிய துணையாகும் என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை. அவ்வழி இங்கே திறக்கும் வரை, இருக்கும் வாய்ப்புகளையேனும் அறிந்து பயன்கொள்ள வேண்டும்.

அரசு இடங்கள் தேர்வுக்குழுவின் கலந்தாய்வு வழியாக நிரப்பப்படுகின்றன. பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கான 3.5 விழுக்காட்டு இடஒதுக்கீடு 2007 முதல் நடைமுறையில் உள்ளது. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை பயின்ற மாணவியர் உயர்கல்வி பெறும்போது மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கப்பட்டது. பக்கத்து அரியலூரில் 2022 இல் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டிருப்பதும் இவ்வட்டாரத்தில் பயிற்சி பெற்ற செவிலியரின் தேவையைப் பெருக்கும் செய்தியே.

நம் சமுதாயத்தில் வளைகுடா நாடுகளோடு தொடர்பில்லாத குடும்பங்கள் குறைவு. அங்கே பதிவுபெற்ற செவிலியருக்கு மதிப்புண்டு. ஆயினும் அந்நாட்டு உரிமத் தேர்வில் வெல்ல வேண்டும். குடியேற்ற அனுமதி தேவைப்படும் நாடுகளுக்குச் செல்லும் செவிலியரின் ஆளெடுப்பை 2015 முதல் மைய அரசு நெறிப்படுத்தியுள்ளது. தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்க, இடைத்தரகரிடம் நகையை அடகு வைப்பானேன்?

பெரியோர்க்கு ஒரு வேண்டுகோள்

இரவுப் பணி, விடுதி வாழ்க்கை, ஆண் நோயாளரைத் தொட்டுப் பேணுதல் ஆகியவற்றை எண்ணிப் பெற்றோர் தயங்குவது இயல்பே. அத்தயக்கத்தை எள்ளி நகையாடுதல் முறையன்று. பாதுகாப்பான விடுதி, முறையான போக்குவரத்து, தகுந்த ஊதியம் ஆகியவற்றைக் கேட்டுப் பெறுவதே அதற்கு மருந்து. தனியார் மருத்துவமனைச் செவிலியரின் ஊதியம் குறித்து 2016 இல் உச்ச நீதிமன்ற ஆணையின்படி அமைந்த வல்லுநர் குழு, சிறிய மருத்துவமனைகளிலும் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையலாகாது எனப் பரிந்துரைத்தது. பரிந்துரை முழுமையாக நடைமுறைக்கு வரச் சமுதாயத்தின் குரலும் வேண்டும்.

இன்னொன்றையும் நெஞ்சில் கைவைத்து எண்ணிப் பார்ப்போம். நம் தாய்க்கோ மகளுக்கோ நோய் வந்தால், பக்கத்தில் ஒரு பெண் செவிலியர் இருக்க வேண்டுமென்றே விரும்புகிறோம். ஒவ்வொரு வீடும் தன் மகளைத் தடுத்து நிறுத்தினால் அந்தப் பெண் செவிலியர் எங்கிருந்து வருவார்?

ஜமாஅத்துகள் ஆண்டுதோறும் வழங்கும் கல்வி உதவியில் ஒரு பங்கைச் செவிலியம் பயிலும் மாணவியர்க்கென ஒதுக்கலாம். கல்லூரிகள் அங்கீகாரம் பெற்ற நிறுவனங்களின் பட்டியலை அறிவிப்புப் பலகையில் வைக்கலாம். கற்பவரின் கையில் ஊதியமும் கட்டில் அருகில் ஆசானும் ஒருங்கே அமையும் நாள் நம் நாட்டிலும் வர, ஆட்சியாளரிடம் கோரிக்கை வைக்கலாம். வள்ளுவர் நான்காவதாக எண்ணிய அந்த ஒருவர் இல்லையேல், மற்ற மூன்றும் இருந்தும் நோய் தீராது. அந்த இடத்தை நிரப்ப நம் பிள்ளைகள் முன்வர வல்ல இறைவன் அருள் புரிவானாக!