பவளக் கடற்கரைப் பயணம்

ஆஸ்திரேலியாக் கண்டத்தின் மேற்குக் கரையில், இந்துமாக் கடலை நோக்கி விரல்போல் நீண்டு நிற்கும் நிலமுனை ஒன்று உண்டு. அம்முனையை ஒட்டி ஏறத்தாழ 260 கிலோமீட்டர் நீளத்திற்குப் பவளப் பாறை ஒன்று கடலுள் அமைந்துள்ளது. அதன் பெயர் நிங்கலூ. அக்கண்டத்தின் கிழக்குக் கடலிலுள்ள பெரும் பவளப் பாறையைக் காண்போர் பெரும்பாலும் படகேறி நெடுந்தூரம் செல்வர். நிங்கலூவிலோ, சில இடங்களில் கரையிலிருந்து சிறிது தூரம் நீந்தினாலே பவளத் தோட்டத்தைக் கண்குளிரக் காணலாம். 500க்கு மேற்பட்ட மீன் வகைகள் அங்கு வாழ்கின்றன. மீன்களுள் மிகப் பெரியதாகிய திமிங்கிலச் சுறா ஆண்டுதோறும் மார்ச்சுத் திங்கள் முதல் அங்கு வந்து கூடும். 2011ஆம் ஆண்டில் இக்கடற்கரை உலக மரபுச் செல்வங்களுள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது.

இக்கரையைக் காண விழைவோர் பெரும்பாலும் பெர்த் நகரத்திலிருந்து புறப்படுவர். வடக்கே ஏறத்தாழ 1,100 கிலோமீட்டர் சென்றால் கோரல் பே என்னும் சிற்றூரை அடையலாம். பலர் கேரவன் எனப்படும் வீட்டு வண்டியை மோட்டார் வண்டியின் பின்னே பூட்டி இழுத்துச் செல்வர். படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி ஆகியவை அதனுள் அமைந்திருக்கும். நத்தை தன் கூட்டைச் சுமந்து திரிவதுபோல, இவர்கள் தம் இல்லத்தை உடன்கொண்டு செல்கின்றனர். ஏப்ரல் முதல் அக்டோபர் வரையுள்ள திங்களே இப்பயணத்திற்கு ஏற்றவை. கோடையில் வெயிலின் கொடுமை மிகுதி, புயலும் வீசும். 1999ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் எக்ஸ்மவுத் ஊரைத் தாக்கிய புயலின் காற்று மணிக்கு 267 கிலோமீட்டர் வேகத்தை எட்டியது.

வழியும் எளியதன்று. எரிநெய் விற்கும் இடங்கள் ஒன்றுக்கொன்று நெடுந்தூரத்தில் உள்ளன. மாலையிலும் இரவிலும் கங்காருகள் சாலையின் குறுக்கே பாயுமாதலால், அறிவுடையோர் பொழுது சாயுமுன் வண்டியை நிறுத்திவிடுவர். மணற்பாதையில் புகுமுன் சக்கரங்களின் காற்றைச் சற்றே குறைத்தல் வேண்டும். காற்றுக் குறைந்த சக்கரம் மணல்மேல் அகன்று படியும். ஆகவே எளிதில் புதையாது. தார்ச்சாலையை மீண்டும் அடைந்ததும் காற்றை நிரப்பிக்கொள்ளுதல் வேண்டும்.

கடற்கரையை அடைந்தோர் மணல்மேட்டின் மறைவில் வண்டியை நிறுத்திக் கூடாரம் அமைப்பர். எதிரே நீலக் கடல். பின்னே செந்நிறப் பாறைக் குன்று. இரவில் வானமெங்கும் விண்மீன்கள். காணக் காணத் தெவிட்டாத இக்காட்சியில் ஒரு குறை உண்டு. அங்கே குடிநீர் இல்லை. ஓராண்டு முழுதும் பெய்யும் மழை ஏறத்தாழ 250 மில்லிமீட்டரே. அதனையும் சுண்ணக் குன்றுகள் உறிஞ்சிவிடுகின்றன.

இவ்வறட்சி எத்துணைக் கொடியது என்பதனை ஸ்டெபானோ என்னும் பாய்க்கப்பலின் வரலாறு உணர்த்தும். 1875ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் அக்கப்பல் நிங்கலூப் பாறையில் மோதி உடைந்தது. பதினெழுவருள் பதின்மரே கரை சேர்ந்தனர். அவர்களுள்ளும் இருவர் மட்டுமே பிழைத்தனர். அவ்விருவரைக் காத்தவர்கள் அந்நிலத்தின் பழங்குடி மக்கள். நீர் இருக்கும் இடத்தைக் காட்டி, தம் உணவைப் பகிர்ந்தளித்து, மொழி அறியாத அயலாரை அவர்கள் பல திங்கள் காத்தனர். 1876ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் அவ்வழி வந்த சிறு கப்பலொன்று இருவரையும் ஏற்றிச் சென்றது. அப்பழங்குடியினரின் முன்னோர் அக்கரையில் நெடுங்காலம் வாழ்ந்தவர்கள். சிறு சங்குகளைத் துளையிட்டு அவர்கள் செய்த மணிகள் அங்குள்ள குகையொன்றில் கிடைத்துள்ளன. அவை 30,000 ஆண்டுகளுக்கு மேற்பட்டவை. வறண்ட நிலத்திலும் வாழும் வகை அறிந்த மக்கள் அவர்கள்.

மனிதர்க்கு இடர் தரும் இவ்வறட்சியே பவளத்திற்கு அரணாக விளங்குவது வியத்தற்குரியது. பவளம் கல்லன்று, எண்ணற்ற சிற்றுயிர்கள் சேர்ந்து கட்டிய மாளிகை. அவ்வுயிர்களின் உடலில் நுண்ணிய பாசி வாழ்கின்றது. அப்பாசி கதிரவன் ஒளியைக்கொண்டு உணவாக்கித் தனக்கு இடந்தந்த உயிருக்கும் ஊட்டுகின்றது. நீர் கலங்கினால் ஒளி குறையும். ஒளி குறைந்தால் பவளம் நலியும். ஆறுகள் சேற்றைக் கொண்டுவந்து கொட்டும் கரையில் பவளம் தழைப்பது அரிது. நிங்கலூக் கரையில் ஆண்டு முழுதும் பாயும் பேராறு எதுவும் இல்லை. ஆதலின் கடல்நீர் பளிங்குபோல் தெளிந்திருக்கின்றது. வடக்கிலிருந்து வரும் இளஞ்சூடான நீரோட்டமும் பவளத்திற்குத் துணை செய்கின்றது.

அந்நிலம் எதனையும் தராது. எதனையும் அதன்மேல் சுமத்துதலும் தகாது. இதனை உணர்ந்தே கூடாரம் அடிப்போர்க்கு விதிகள் வகுத்துள்ளனர். குடிநீரைத் தாமே கொண்டுசெல்லல் வேண்டும். குப்பையைத் தாமே திரும்பக் கொணர்தல் வேண்டும். தேசியப் பூங்காவில் விறகு மூட்டித் தீ வளர்த்தல் கூடாது. நவம்பர் முதல் மார்ச்சு வரை கடலாமைகள் கரையேறி மணலில் முட்டையிடும். பொரித்து வரும் குஞ்சுகள் ஒளியுள்ள திசையைக் கடலெனக் கருதிச் செல்லும். கூடாரத்தின் விளக்கொளி அவற்றைத் திசை தவறச் செய்யும். வண்டிச் சக்கரத்தின் தடமும் அவற்றிற்குப் படுகுழியாகும். ஆதலால் விளக்கை மறைத்தலும், கடற்கரை மணலில் வண்டி ஓட்டாமையும் அறமாகும்.

2003ஆம் ஆண்டில், கோரல் பே ஊருக்கு அருகே பெரிய உல்லாச விடுதியும் படகுத் துறையும் கட்டும் திட்டத்தை, மக்களின் எதிர்ப்பைக் கண்டு மாநில அரசு மறுத்தது. மக்கள் ஒன்றுபட்டதால் அக்கரை பிழைத்தது. எனினும் இன்று வேறோர் இடர் சூழ்ந்துள்ளது. 2024-25ஆம் ஆண்டுக் கோடையில் கடல்நீரின் வெப்பம் அளவு கடந்தது. வெப்பம் மிகுந்தால் பவளம் தன்னுள் வாழும் பாசியை வெளியேற்றி வெளுத்துவிடும். வெப்பம் நீடித்தால் பட்டினியால் மடியும். நிங்கலூவின் பவளம் பெருமளவில் வெளுத்தது, மடிந்தவையும் பல. உலகெங்கும் மக்கள் எரிக்கும் நிலக்கரியும் எண்ணெயும் புவியைச் சூடாக்குவதே இதற்குக் காரணம். அக்கரையை ஒருநாளும் காணாதவர்களின் செயலும் அதனைத் தாக்குகின்றது.

நல்ல பயணி கூடாரத்தைப் பெயர்த்தெடுத்த பின், மணலைத் திரும்பிப் பார்ப்பான். தான் தங்கிய சுவடு அங்கு இல்லையெனில் மனநிறைவோடு புறப்படுவான். அவன் ஒரு சிறு கரையில் மேற்கொள்ளும் இவ்வொழுக்கம் உலகோர் அனைவர்க்கும் உரியது.