சொப்பு

சொப்பு அல்லது செப்பு என்பது வீட்டில் புழங்கும் பாத்திரங்கள், கருவிகள் ஆகியவற்றின் உருவைச் சுருக்கிக் கையால் செய்யப்படும் சிறு விளையாட்டுப் பொருள் ஆகும். அடுப்பு, பானை, குடம், அம்மி, உரல், உலக்கை, திருகை, முறம் முதலியவை அடங்கிய தொகுதி சொப்புச் சாமான் எனப்படுகிறது. களிமண், மரம், மாக்கல், பித்தளை, பனையோலை முதலியவற்றால் இவை செய்யப்படுகின்றன. சிறுவர்கள் இவற்றைக் கொண்டு வீடு கட்டிச் சோறாக்கி விளையாடுவர். பெரியவர்கள் நவராத்திரிக் கொலுவில் வைப்பதற்காகவும் சேகரிப்பதற்காகவும் வாங்குகின்றனர். வழக்கொழிந்த பல வீட்டுப் பொருட்களின் உருவம் இன்று சொப்பின் வழியாகவே அறியப்படுவதால், இவை பண்பாட்டு ஆவணமாகவும் மதிக்கப்படுகின்றன.

பெயர்

செப்பு என்னும் சொல் செம்பு என்ற உலோகத்தையும், மூடியுள்ள சிறு பேழையையும் குறிக்கும். அச்சொல் சிறு விளையாட்டுக் கலங்களுக்கும் வழங்குகிறது. பேச்சு வழக்கில் அது சொப்பு என ஒலிக்கப்படுகிறது. பழைய இலக்கியங்களில் சிறு மட்கலம் தூதை எனப்பட்டது. சிற்றில், சிறுசோறு, சிறுதேர், சிறுபறை ஆகிய சொற்களில் முன்னே நிற்கும் அடை, அப்பொருள் விளையாட்டுக்காக அளவில் குறைக்கப்பட்டது என்பதைக் காட்டுகிறது.

இலக்கியச் சான்றுகள்

சிற்றுருப் பொருட்களைப் பற்றிய குறிப்புகள் சங்க இலக்கியத்திலேயே காணப்படுகின்றன. கடியலூர் உருத்திரங்கண்ணனார் இயற்றிய பட்டினப்பாலை, காவிரிப்பூம்பட்டினத்துச் சிறுவர்கள் உருட்டிய மூன்று சக்கரச் சிறுதேரைக் குறிப்பிடுகிறது. ஆண்டாளின் நாச்சியார் திருமொழியில் இரண்டாம் பதிகம், தாங்கள் கட்டிய மணல் வீட்டை அழிக்க வேண்டாம் எனச் சிறுமியர் கண்ணனை வேண்டுவதாக அமைந்தது. அவர்களிடம் சிறு தூதையும் சிறு சுளகும் இருந்ததாக அப்பதிகம் கூறுகிறது. சுளகு என்பது முறம் ஆகும். எனவே இன்றைய சொப்புத் தொகுதியில் உள்ள பானையும் முறமும் அக்காலத்திலேயே விளையாட்டுப் பொருட்களாக இருந்தன எனலாம்.

பிள்ளைத்தமிழ் என்னும் சிற்றிலக்கிய வகையில், ஆண்பாற் பிள்ளைத்தமிழின் இறுதி மூன்று பருவங்கள் சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்பன ஆகும். வடமொழியில் சூத்திரகர் இயற்றிய மிருச்சகடிகம் என்னும் நாடகத்தின் பெயருக்குக் களிமண்ணால் ஆன சிறு வண்டி என்பது பொருள். அதனைப் பண்டிதமணி மு. கதிரேசச் செட்டியார் மண்ணியற் சிறுதேர் என்ற பெயரில் தமிழாக்கினார்.

மரக்காணம் கடற்கரையும் சிற்றுருவும்

நெய்தல் நிலத்துச் சிறுமியர் ஈர மணலால் பாவை செய்து விளையாடியதைச் சங்கப் பாடல்கள் பல குறிப்பிடுகின்றன. இது வண்டற் பாவை எனப்பட்டது. அம்மூவனார் பாடிய ஐங்குறுநூற்றின் 124ஆம் பாடல், தன் பாவையை அலை கொண்டு சென்றதால் சினந்து, மண்ணை அள்ளிப் போட்டுக் கடலைத் தூர்க்க முயலும் ஒரு பெண்ணைக் காட்டுகிறது. சிறிய பொருளின் மீது கொள்ளும் பற்று எத்தனை பெரியது என்பதற்கு இப்பாடல் பழைய சான்றாகும்.

இத்தகைய நெய்தல் நிலத்துக்கு மரக்காணம் ஓர் எடுத்துக்காட்டு. விழுப்புரம் மாவட்டத்தில், சென்னைக்கும் புதுச்சேரிக்கும் இடையே அமைந்துள்ள இவ்வூர் உப்பளங்களுக்குப் பெயர் பெற்றது. சிறுபாணாற்றுப்படையில் ஓய்மான் நாட்டு நல்லியக்கோடனின் துறைமுகமாகக் கூறப்படும் எயிற்பட்டினம் இதுவே என அறிஞர்கள் பலர் கருதுகின்றனர். அருகே கழுவெளி என்னும் உவர்நீர் ஏரி உள்ளது. 2021இல் இது பறவைகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது.

உப்பு விளையும் மண் மட்கலத்துக்கு ஏற்றதன்று. உவர் களிமண்ணால் வனைந்த கலம் காயும்போது, நீரோடு உப்பும் மேற்பரப்புக்கு வந்து வெண்மையாகப் பூத்துவிடும். ஆகவே இக்கடற்கரையில் மணல் விளையாட்டு இயல்பாக அமைய, மண் சொப்புக்கு நன்னீர் ஏரிகளும் ஆறுகளும் படியவிட்ட களிமண் தேவைப்படுகிறது. இப்பகுதியில் அத்தகைய மண்ணைச் சார்ந்து வளர்ந்த கைவினை மையம் வில்லியனூர் ஆகும். புதுச்சேரிக்கு மேற்கே ஏறத்தாழ 10 கி.மீ. தொலைவில், சங்கராபரணி ஆற்றை ஒட்டி அமைந்துள்ள இவ்வூரின் சுடுமண் வேலைப்பாடு புவிசார் குறியீடு பெற்றதாகும். புதுச்சேரிப் பகுதியைச் சேர்ந்த திருக்கனூரின் காகிதக்கூழ்ப் பொம்மைகளும் அக்குறியீட்டைப் பெற்றுள்ளன. தெற்கே கடலூர் மாவட்டத்துப் பண்ருட்டி, கொலுப் பொம்மைகளுக்குப் பெயர் பெற்றது.

செய்முறை

மண் சொப்பு: சிறு கலம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே மண் உருட்டி வைப்பதில்லை. சக்கரத்தின் நடுவில் ஒரு பெரிய மண் திரளை வைத்து, அதன் உச்சியில் ஒரு கலத்தை வனைந்து, நூலால் அறுத்து எடுத்துவிட்டு, எஞ்சிய திரளில் அடுத்ததை வனைவர். உள்ளங்கைக்கு வேலையில்லை, விரல் நுனிகளாலேயே சுவர் எழுப்பப்படுகிறது. பெரிய பானையின் மண்ணில் சேர்க்கும் பருமணல் இதற்கு உதவாது. இரண்டு மில்லிமீட்டர் பருமனுள்ள சுவரில் ஒரு மணல் துகளும் புடைப்பாகத் தெரியும் என்பதால், மண் நன்கு சலிக்கப்பட வேண்டும். சிறு கலம் விரைவில் காய்ந்துவிடும். ஆதலால் பிடி, மூக்கு முதலியவற்றை ஈரம் போவதற்கு முன்பே ஒட்ட வேண்டும். சூளையில் பெரிய கலங்களின் உள்ளேயும் இடைவெளிகளிலும் சொப்புகளை அடுக்கலாம். எனவே இவற்றுக்குத் தனி விறகு தேவைப்படுவதில்லை.

மரச் சொப்பு: இது கடைசல் இயந்திரத்தில் மரத்தைச் சுழலவிட்டு உளியால் கடைந்து செய்யப்படுகிறது. திருநெல்வேலி மாவட்டத்து அம்பாசமுத்திரம் இதற்குப் பெயர் பெற்றது. வண்ணம் ஏற்றுவதற்கு அரக்குக் குச்சியைச் சுழலும் மரத்தின் மீது அழுத்துவர். உராய்வின் வெப்பத்தில் அரக்கு உருகி மரத்தில் பரவும். கருநாடகத்தின் சென்னபட்டணத்தில் வெட்பாலை மரத்தில் இம்முறையில் பொம்மைகள் செய்து, தாழை மடலால் தேய்த்துப் பளபளப்பு ஏற்றுகின்றனர்.

அளவு: சிற்றுரு செய்வதில் அளவுகள் ஒரே விகிதத்தில் குறைவதில்லை. நீளம், அகலம், உயரம் ஆகிய மூன்றையும் பன்னிரண்டில் ஒரு பங்காகக் குறைத்தால், கொள்ளளவு 1,728இல் ஒரு பங்காகிவிடும். பன்னிரண்டு லிட்டர் கொள்ளும் குடம் ஏறத்தாழ 7 மில்லிலிட்டர் கொள்ளும் கலமாகச் சுருங்கும். அதே விகிதத்தில் சுவரையும் பிடியையும் மெலித்தால் அவை கைபட்டதும் உடைந்துவிடும். ஆகவே கைவினைஞர் பிடியைச் சற்றுத் தடிமனாகவும் விளிம்பைச் சற்று அகலமாகவும் அமைக்கிறார். அளவுகோலின்படி பிழையான இந்த உருவமே கண்ணுக்குச் சரியானதாகத் தோன்றுகிறது. ஒரே தொகுதியில் உரலும் அடுப்பும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் இருப்பதும் இதனைப் போன்றதே. பிள்ளையின் கைக்குப் பொருந்துவதே இங்கு அளவாகிறது.

ஈர்ப்பின் காரணங்கள்

சிறிய பொருட்கள் ஏன் மனத்தைக் கவர்கின்றன என்பதை அறிஞர்கள் பலவாறு விளக்கியுள்ளனர். பிரான்சிய மானிடவியலாளர் குளோட் லெவி-ஸ்ட்ராவுஸ் 1962இல் வெளியிட்ட நூலொன்றில் இதனை ஆராய்ந்தார். பெரிய பொருளை நாம் பகுதி பகுதியாகவே அறிகிறோம். சிற்றுருவிலோ முழுமை முதலில் தென்பட, பகுதிகள் பின்னர் தெரிகின்றன என்பது அவர் கருத்து. வீட்டின் சமையலறைக்குள் நிற்கும் பிள்ளைக்கு அது முழுமையாகத் தென்படுவதில்லை. அடுப்பு சுடும், அம்மிக்கல் அசையாது, உலக்கையைத் தூக்க முடியாது. சொப்பில் அந்தச் சமையலறை முழுவதும் ஒரு கூடைக்குள் அடங்கி, பிள்ளையின் ஆளுகைக்கு உட்படுகிறது.

இரண்டாவது காரணம், பொருள் மெய்யாகவே இயங்குவதாகும். சொப்புத் திருகையில் கைப்பிடியைச் சுற்றினால் மேற்கல் சுழல வேண்டும். மூடி பானையின் வாயில் பொருந்த வேண்டும். தென் மாவட்டங்களில் வழங்கும் சிறுவீட்டுப் பொங்கலில் சிறுமியர் சிறு பானைகளில் உண்மையாகவே பொங்கலிடுகின்றனர். உருவ ஒப்புமை மட்டும் உடைய பொருளை ஒருமுறை பார்த்தால் போதும். இயங்கும் பொருளை மீண்டும் மீண்டும் கையில் எடுக்கத் தோன்றுகிறது. சிறு அடுப்பில் உண்ணத்தக்க உணவைச் சமைத்துக் காட்டும் இணைய நிகழ்படங்கள் 2010களில் சப்பானில் தொடங்கித் தமிழ்நாடு வரை வரவேற்புப் பெற்றதற்கும் இதுவே காரணம் எனலாம்.

மூன்றாவது காரணம் செய்பவரின் திறமையாகும். பெரிய பானையில் மறைந்துவிடும் பிழை சொப்பில் மறையாது. பொருள் சிறுக்கச் சிறுக்க அதில் செலுத்தப்பட்ட கவனம் மிகுதியாகத் தெரிகிறது. நான்காவது காரணம் நினைவு. தான் வளர்ந்த வீட்டைக் காக்க இயலாதவரும் அவ்வீட்டின் அம்மியையும் அடுப்பையும் ஒரு பேழைக்குள் வைத்துக்கொள்ள இயலும்.

வழிபாட்டிலும் கொலுவிலும்

சிற்றுருக்கள் வேண்டுதலுக்கும் பயன்படுகின்றன. மகப்பேறு வேண்டுவோர் கோயில் மரத்தில் சிறு தொட்டில் கட்டுவதும், நோய் நீங்க வேண்டுவோர் கண், கை, கால் முதலிய உறுப்புகளின் உருவைச் செலுத்துவதும் வழக்கம். நவராத்திரிக் கொலுவில் மரப்பாச்சிகள் முதன்மை இடம் பெற, கீழ்ப்படிகளில் அரிசி, பருப்பு வைத்த கடையுடன் செட்டியார் பொம்மையும் சொப்புச் சாமான்களும் இடம் பெறும். மரப்பாச்சி செய்யப் பயன்பட்ட செம்மரம், அருகிய உயிரினங்களின் பன்னாட்டு வணிகம் குறித்த உடன்பாட்டின் இரண்டாம் பின்னிணைப்பில் 1995இல் சேர்க்கப்பட்டது.

பிற நாடுகளில்

ஆம்ஸ்டர்டாமைச் சேர்ந்த பெட்ரோனெல்லா ஊர்ட்மன் 1686 முதல் 1710 வரையான காலத்தில் அமைத்த பொம்மை வீடு, தற்போது அந்நகரின் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் உள்ளது. அது பிள்ளைகளுக்கானது அன்று. செல்வக் குடும்பத்துப் பெண் ஒருவரின் சேகரிப்பு ஆகும். புது தில்லியை வடிவமைத்தவர்களுள் ஒருவரான எட்வின் லட்யன்சு, 1921 முதல் 1924 வரையான காலத்தில் பிரித்தானிய அரசி மேரிக்காக 1:12 அளவில் ஒரு பொம்மை வீட்டை உருவாக்கினார். குழாயில் நீர் வரும், மின்விளக்கு எரியும் அவ்வீட்டின் நூலகத்துக்காக ஆர்தர் கோனன் டாயில் ஒரு சிறு கதையை எழுதித் தந்தார். அது வின்சர் அரண்மனையில் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளது. சப்பானில் ஆண்டுதோறும் மார்ச் 3 அன்று கொண்டாடப்படும் பெண் குழந்தைகள் விழாவில், பொம்மைகளோடு சிற்றுரு அறைகலன்களும் படிகளில் அடுக்கப்படுகின்றன. இது நவராத்திரிக் கொலுவை ஒத்துள்ளமை குறிப்பிடத்தக்கது.

இன்றைய நிலை

நெகிழிப் பொருட்களின் வரவால் கைவினைச் சொப்புகளின் விற்பனை குறைந்தது. நெகிழித் தொகுதிகளில் எரிவாயு அடுப்பும் மின் அரைப்பானும் இடம் பெறுவது இயல்பான மாற்றமே. சொப்பு எக்காலத்திலும் தன் காலத்துச் சமையலறையைப் பின்பற்றியே வந்துள்ளது. இதில் நேரும் உண்மையான இழப்பு, பொருளின் பயன்பாடு சார்ந்ததாகும். மண் அடுப்பில் தீ மூட்டலாம், கல் அம்மியில் இலையை அரைக்கலாம். நெகிழி அடுப்பில் சமைப்பதுபோல் நடிக்க மட்டுமே முடியும்.

இந்தியாவில் 2021 சனவரி 1 முதல் பொம்மைகளுக்குத் தரச் சான்று கட்டாயமாக்கப்பட்டது. பதிவு பெற்ற கைவினைஞர்கள் செய்யும் பொம்மைகளுக்கு இதிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டுள்ளது. ஆயினும் மிகச் சிறிய சொப்புகளை மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளிடம் கொடுத்தல் கூடாது. அவை தொண்டையில் சிக்கும் இடர் உண்டு.

திருகை, குந்தாணி, மரக்கால், அரிக்கன் சட்டி ஆகியவற்றைப் பயன்பாட்டில் காணாத தலைமுறை அவற்றைச் சொப்பாகவே முதலில் காண்கிறது. எனினும் பொருளின் உருவம் மட்டும் அதன் பயனைச் சொல்லிவிடாது. அரிக்கன் சட்டியின் உட்புறத்தில் உள்ள வரிகள், அரிசி களையும்போது கல்லைப் பிரித்து நிறுத்துவதற்கானவை என்பதை, அறிந்தவர் கூறினாலன்றி அறிய இயலாது. ஆகவே சேகரிப்போர் ஒவ்வொரு சொப்பின் வட்டாரப் பெயர், பயன், செய்த ஊர், செய்பொருள் ஆகியவற்றை எழுதி வைப்பது இன்றியமையாதது. அக்குறிப்பு இல்லாத சொப்பு அழகுப் பொருளாக நின்றுவிடும். குறிப்புடன் கூடியதோ, மறைந்த ஒரு வீட்டுப் பழக்கத்தைப் பின்வருவோர் மீண்டும் செய்து பார்க்க உதவும்.