கற்றுத்தரக் கற்கும் கைகள்



நன்றாக ஊசி போடத் தெரிந்த நர்ஸுக்கு, அதை இன்னொருவருக்குச் சொல்லித்தரவும் தெரிந்திருக்கும் என்று நாம் எண்ணிவிடுகிறோம். அப்படியல்ல. கற்பிப்பது தனி வேலை. அதையும் செய்து பார்த்தே பழக வேண்டும்.

செவிலிய ஆசிரியராக விரும்புகிறவர் பி.எஸ்ஸி. முடித்து, ஓராண்டாவது பணி செய்தபின், இரண்டு ஆண்டுகள் எம்.எஸ்ஸி. படிக்கிறார். பாடம் நடத்திப் பழகுவதும் அந்தப் படிப்பில் ஒரு பகுதி. முதலில் உடன் படிப்பவர்கள் முன் ஐந்து, பத்து நிமிடம் ஒரே ஒரு காரியத்தை மட்டும் கற்பிப்பார். அவர்கள் குறைநிறைகளைச் சொல்வார்கள். திருத்திக்கொண்டு மறுபடியும் நடத்துவார். பிறகு பொம்மை உருவத்தில் மாணவியைச் செய்யவைத்து, ஒவ்வொரு படியாகச் சரிபார்ப்பார். அதன்பின்தான் நோயாளியின் கட்டிலருகே போவார்கள்.

அங்கே மிகக் கடினமானது, தன் கைகளை அடக்கிக்கொள்வது. மாணவி தடுமாறினால், வாங்கித் தானே செய்துவிடத் தோன்றும். செய்துவிட்டால் மாணவி கற்கமாட்டார். சும்மா நின்றாலோ நோயாளிக்குத் தீங்கு வரலாம். எப்போது பொறுப்பது, எப்போது தடுப்பது என்பது பழக்கத்தில்தான் வரும்.

வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையாரின் மருத்துவமனையில் 1909-இல் செவிலியர் பயிற்சிப் பள்ளி தொடங்கியது. 1946-இல் அது பட்டப்படிப்புக் கல்லூரியாக உயர்ந்தது. அங்கே வகுப்பில் கற்பிக்கும் ஆசிரியர்கள் வார்டுப் பொறுப்பையும் ஏற்கிறார்கள். ஆகவே பாடத்தில் சொன்னதைக் கட்டிலருகே செய்து காட்டுகிறார்கள்.

இதன் பலன் எங்கே போய்ச் சேர்கிறது? மதுராந்தகத்தை அடுத்த கருங்குழியில் ஒரு குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்று வைத்துக்கொள்வோம். வீட்டுக்கு வரும் நர்ஸ், "உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனால் போதாது. ஒரு லிட்டர் தண்ணீருக்கான பொட்டலத்தை அரை லிட்டரில் கரைத்தால் உப்பு மிஞ்சிக் குழந்தைக்கே ஆபத்து. தாயையே தண்ணீரை அளக்கச் சொல்லி, கரைக்கச் சொல்லி, பக்கத்தில் பொறுமையாக நிற்க வேண்டும். மீந்த கரைசலை 24 மணி நேரத்துக்குமேல் வைக்கக்கூடாது என்பதையும் அந்தத் தாய் வாயாலேயே திருப்பிச் சொல்லக் கேட்க வேண்டும்.

இந்தப் பொறுமையை அந்த நர்ஸ் யாரிடம் கற்றார்? என்றோ ஒரு வார்டில், தன் கைகளை அடக்கிக்கொண்டு அவர் பக்கத்தில் நின்ற ஆசிரியையிடம்தான்.

கட்டடத்தையும் கருவியையும் நாம் கண்ணால் பார்க்கிறோம். இந்தப் பயிற்சி கண்ணுக்குத் தெரிவதில்லை. ஜெபிக்கும்போதும் கொடுக்கும்போதும் இந்த ஆசிரியர்களையும் நினைத்துக்கொள்ளுங்கள்.