குடல் குழிக்குள் கணையத்தின் நொதி

டிரிப்சின் என்றதும் கணையம்தான் நினைவுக்கு வரும். பருப்பிலும் மீனிலும் உள்ள புரதத்தை வெட்டித் துண்டாக்கும் நொதி அது. 1876-இல் அதற்குப் பெயர் சூட்டியவர் ஜெர்மானிய உடலியலாளர் வில்ஹெல்ம் கூனே. கணையம் தன்னையே செரித்துவிடாமலிருக்க, டிரிப்சினைச் செயலற்ற வடிவில்தான் சிறுகுடலுக்கு அனுப்புகிறது. இதே நொதியைக் குடற்சுவரின் சில செல்கள் தாமே தயாரிக்கின்றன!

சிறுகுடலின் உட்சுவரெங்கும் நுண்ணிய குழிகள். ஒவ்வொன்றின் அடியிலும் பனெத் செல்கள் குந்தியிருக்கின்றன. 1888-இல் வியன்னாவின் ஜோசப் பனெத் இவற்றை விரிவாக விவரித்தார். குடலின் பெரும்பாலான மேற்பரப்புச் செல்கள் சில நாட்களில் உதிர்ந்துவிடும்; இவையோ வாரக்கணக்கில் நீடிக்கும்.

இவ்வளவு சிறிய செல்லுக்குள் ஒரு புரதத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? குடல் திசுவை மெழுகில் பதித்து, சுமார் 4 மைக்ரோமீட்டர் தடிமனில் சீவுகிறார்கள். பதினைந்து, இருபது சீவல்களை அடுக்கினால்தான் ஒரு தலைமுடியின் தடிமன் வரும். அதன்மேல் எதிர்ப்பொருளை, அதாவது குறிப்பிட்ட புரதத்தைத் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும் மூலக்கூறை, ஊற்றுகிறார்கள். அது ஒட்டிய இடத்தில் மட்டும் பழுப்பு நிறம் படியும்படி வேதிப்பொருள் சேர்த்து, நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள்.

ஆனால் பழுப்பு நிறம் பாதி விடைதான். குடலுக்குள் கணைய நீர் ஓடிக்கொண்டே இருக்கிறது. செல் அதிலிருந்து டிரிப்சினை உறிஞ்சியிருக்கலாமே? அதனால் தூது ஆர்.என்.ஏ.வைத் தேடுகிறார்கள். புரதம் தயாரிக்க மரபணுவிலிருந்து எடுத்த நகல் அது. அது இருந்தால் தயாரிப்பும் அங்கேதான். 2002-இல் வெளியான ஓர் ஆய்வு, பனெத் செல்களே டிரிப்சினைத் தயாரிப்பதைக் காட்டியது. அதைக் கட்டுப்படுத்தும், கணையத்திலும் சுரக்கும் தடுப்புப் புரதமும் அங்கே உண்டு.

உணவைச் செரிக்கும் நொதிக்கு அந்தக் குழியில் என்ன வேலை? பனெத் செல்கள் டிஃபென்சின்-5 என்ற கிருமிக்கொல்லியைச் சேமித்து வைக்கின்றன. குடற்பரப்பின் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 90 முதல் 450 மைக்ரோகிராம் வரை இருப்பு. சேமிப்பில் இருக்கும்போது ஒரு கூடுதல் வால் அதை அடக்கி வைத்திருக்கும். டிரிப்சின் அந்த வாலை வெட்ட, கிருமிக்கொல்லி விழித்துக்கொள்கிறது. அப்படியானால் மிச்சத்தையும் டிரிப்சின் வெட்டித் தள்ளாதா? தள்ளாது. மூன்று கந்தகப் பிணைப்புகள் அதை இறுக்கிக் கட்டியிருப்பதால் நொதியால் உள்ளே நுழைய முடியாது. இந்த ஏற்பாட்டில் என்னை மிகவும் வியக்கவைப்பது இதுதான்.

சுண்டெலியிலும் இதே வெட்டு நடக்கிறது. ஆனால் அங்கே வெட்டுவது மேட்ரிலைசின் என்ற வேறொரு நொதி. அதுவும் கிருமிக்கொல்லி செல்லை விட்டு வெளியேறும் முன்பே வெட்டிவிடுகிறது.