தெள்ளு பூனையில் மட்டுமா?

மாரி தொடங்குவதற்குச் சற்று முன்னர் வன்னிப் பகுதியில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தோம். விறாந்தையில் இருந்த மூன்று பிள்ளைகளின் கால்களிலும் முழங்காலுக்குக் கீழே சிவந்த தடிப்புகள். சின்னவனுக்கு அவை சொறிந்து சொறிந்து புண்ணாகிவிட்டன. நுளம்புக்கடி என்றுதான் தாய் முதலில் நினைத்திருந்தார். நாம் அமர்ந்து ஐந்து நிமிடம் ஆகவில்லை, எமது வெள்ளை உடுப்பின் விளிம்பில் கரும்புள்ளிகள் தாவத் தொடங்கின.

அந்த வீட்டில் நெல் மூட்டைகளுக்குக் காவலாக ஒரு பூனை இருந்தது. தெள்ளுக்குக் காரணம் பூனையே என்று கண்டுபிடித்த மூத்த மகன், வயலுக்கு அடித்து மிஞ்சிய மருந்தைத் தண்ணீரில் கலந்து அதன் உடம்பெல்லாம் பூசிவிட்டான். அன்றிரவே பூனை வாயில் நுரை தள்ளி வலிப்பு வந்து, விடியுமுன் இறந்துபோனது. தெள்ளோ குறையவில்லை, முன்னரிலும் கூடியது. “பூனைதான் செத்துப்போச்சே பாதர், பிறகும் எங்கையிருந்து வருகுது?” என்று தாய் கேட்டார். நியாயமான கேள்வி. இதற்கு விடை தெரிந்திருந்தால் அந்தப் பூனை பிழைத்திருக்கும்.

ஒரு வீட்டிலுள்ள தெள்ளுக் கூட்டத்தை 100 என்று வைத்துக்கொண்டால், பூனையின் உடம்பில் இருந்து இரத்தம் குடிக்கும் வளர்ந்த தெள்ளு ஏறக்குறைய 5 மாத்திரமே. மிகுதி 95உம் முட்டையாகவும் குடம்பியாகவும் கூட்டுப்புழுவாகவும் வீட்டுக்குள்ளேயே கிடக்கின்றன. பெண் தெள்ளு நாளொன்றுக்கு 20 தொடக்கம் 50 முட்டைகள் வரை இடும். அவை உப்புக்கல் போல மிகச் சிறியவை. மயிரில் ஒட்டிக்கொள்ளாமல் பூனை படுக்கும் இடமெங்கும் உதிர்ந்து விழும். முட்டையிலிருந்து வரும் குடம்பி வெளிச்சத்துக்கு அஞ்சி நிலவெடிப்பிலும், பாயின் அடியிலும், சாக்கு மடிப்பிலும் ஒளிந்துகொள்ளும். அதன் உணவு, வளர்ந்த தெள்ளுகள் கழிக்கும் காய்ந்த இரத்தம். பின்னர் அது பசைத்தன்மையான கூடு ஒன்றைக் கட்டும். அதில் தூசியும் மண்ணும் ஒட்டிக்கொள்வதால் கண்ணுக்குத் தெரியாது. மருந்தும் இலகுவில் உள்ளே போகாது.

எமது வெப்பத்தில் முட்டை தெள்ளாவதற்கு மூன்று நான்கு வாரங்கள் போதும். ஆனால் கூட்டுக்குள் இருப்பது அவசரப்படாது. மாதக்கணக்கிலும் காத்திருந்து, காலடி அதிர்வும் உடற்சூடும் மூச்சுக்காற்றும் பட்டவுடன் வெளியே பாயும். பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்து உள்ளே காலை வைத்தவுடன் தெள்ளு மொய்ப்பது இதனால்தான். பூனை இறந்த பின்னரும் கூடுகளிலிருந்து புதிய தெள்ளுகள் வந்துகொண்டே இருந்தன. பாய்வதற்குப் பூனை இல்லை. ஆகவே பிள்ளைகளின் கால்களில் பாய்ந்தன.

உங்கள் பூனையில் தெள்ளு உண்டா என அறிய, அதை ஒரு வெள்ளைத் துணியின் மேல் நிறுத்திப் பேன் சீப்பினால் முதுகையும் வாலடியையும் வாருங்கள். விழும் கருந்துகளை நனைத்த பஞ்சில் வைத்தால் செங்கபில நிறம் ஊறும். அதுதான் தெள்ளின் கழிவு. வெறும் மண் அப்படிச் சிவக்காது. சீப்பில் அகப்படும் தெள்ளைச் சவர்க்காரத் தண்ணீரில் போட்டால் அது மிதக்காமல் அமிழ்ந்து இறக்கும்.

எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டிகளுக்கு இந்தச் சீப்பு வைத்தியமே பாதுகாப்பானது. இளஞ்சூட்டுத் தண்ணீரில் மென்மையான சவர்க்காரம் கலந்து கழுவி, உடனே துடைத்து உலர்த்தலாம். குட்டிகளை அலட்சியம் செய்யக்கூடாது: தெள்ளு மிகுந்தால் இரத்தம் குறைந்து, முரசு வெளிறி, சில நாட்களில் இறந்துவிடும்.

வளர்ந்த பூனைக்கு பிப்ரோனில் போன்ற சொட்டு மருந்துகள் உண்டு. பூனை நக்க முடியாத பிடரித் தோலில், மயிரை விலக்கி, மாதம் ஒருமுறை இட வேண்டும். அளவை மிருக வைத்தியரிடம் கேட்டறிவது நல்லது. வீட்டில் இரண்டு பூனையும் ஒரு நாயும் இருந்தால் மூன்றுக்கும் ஒரே நாளில், அவ்வவற்றுக்கு உரிய மருந்தை இடுங்கள். ஒன்றை விட்டால் மற்றவற்றுக்குச் செய்த செலவு வீண்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டியுள்ளது. நாய்க்கென விற்கப்படும் சில மருந்துகளில் பெர்மெத்ரின் என்னும் நஞ்சு இருக்கிறது. நாய் அதைத் தாங்கும். பூனையின் ஈரல் அதை முறிக்க மாட்டாது. (பரசிற்றமோல் மாத்திரையும் பூனைக்கு நஞ்சாவது ஏறத்தாழ இதே காரணத்தினால்தான். காய்ச்சல் என்று இரங்கிக் கொடுத்துவிடாதீர்கள்.) வயல் மருந்து இன்னும் மோசம், பூனையை மட்டுமல்ல, அதைத் தூக்கி விளையாடும் பிள்ளையையும் அது தொடும். மண்ணெண்ணெய் தோலை எரிக்கும். நக்கினால் நுரையீரலுக்கும் போகும். வேப்பெண்ணெய் நமது மண்ணின் மருந்துதானே என்பார்கள். அதையும் பூனைக்குப் பூசுவதை நாம் ஆதரிப்பதில்லை. சில பூனைகளுக்கு அது ஒத்துக்கொள்ளாது. தவறுதலாக நஞ்சு பட்டு உடம்பு நடுங்கினால், பாத்திரம் கழுவும் சவர்க்காரத்தால் இளஞ்சூட்டு நீரில் கழுவி உடனே மிருக வைத்தியரிடம் கொண்டு ஓடுங்கள்.

இனி வீடு. பெரிய வேலை இதுதான். ஆனால் காசு அதிகம் தேவையில்லை. நாள்தோறும் மூலை முடுக்கு, கட்டிலின் கீழ், மூட்டைகளின் இடுக்கு எல்லாம் கூட்டி, குப்பையை வாசலில் கொட்டாமல் எரியுங்கள் அல்லது சவர்க்காரத் தண்ணீரில் போடுங்கள். பூனை படுக்கும் சாக்கையும் பிள்ளைகளின் விரிப்புகளையும் வாரம் ஒருமுறை கொதிநீரில் தோய்த்து, வெயிலில் நன்கு காயவிடுங்கள். குடம்பிக்கு ஈரமும் இருட்டும் வேண்டும். உலர்ந்த வெயில் அதற்கு எமன். மண் தரையாயின் வெடிப்புகளை அடைத்து மெழுகிவிடுங்கள். பூனைக்கு ஒரே இடத்தில் படுக்கப் பழக்கினால் துப்புரவு செய்யும் வேலையும் பாதியாகும்.

இரண்டு வாரம் இப்படிச் செய்த பிறகும் தெள்ளு தாவும். மருந்து பொய் என்று பலர் கைவிடுவது இந்தக் கட்டத்தில்தான். அவை முன்னரே கூடு கட்டியிருந்தவை. மூன்று மாதமாவது தொடர வேண்டும். குறைகிறதா எனப் பார்க்க, இரவில் தரையில் ஒரு தட்டில் சவர்க்காரத் தண்ணீர் வைத்து, மேலே சிறு மின்விளக்கு ஒன்றை எரியவிடுங்கள். வெளிச்சத்துக்கும் சூட்டுக்கும் தாவுபவை தண்ணீரில் விழும். காலையில் எண்ணலாம்.

பிள்ளைகள் பற்றியும் ஒரு சொல். தெள்ளை விழுங்கும் பூனைக்கு நாடாப்புழு வரும். அதன் துண்டுகள் பூனையின் மலவாயிலில் அரிசி போல ஒட்டியிருக்கும். நிலத்தில் தவழும் குழந்தை தற்செயலாகத் தெள்ளை விழுங்கினால் அதற்கும் வரலாம். எனவே பூனைக்குப் புழு மருந்தும் கொடுங்கள். கடித்த இடம் சீழ் வைத்தாலோ காய்ச்சல் வந்தாலோ ஆஸ்பத்திரிக்குப் போகத் தாமதிக்க வேண்டாம்.

அந்த வீட்டில் பூனை போன மறுமாதமே எலி நெல் மூட்டைகளைக் கடித்துவிட்டது. எலியோடு எலிக்காய்ச்சல் பயமும் வந்தது. இப்போது அயல்வீட்டுக் குட்டி ஒன்றைக் கொண்டுவந்து வளர்க்கிறார்கள். மாலையில் சீப்பும் சவர்க்காரத் தண்ணீர்க் கோப்பையும் மூத்தவனின் பொறுப்பு. அண்மையில் நாம் போனபோது இரவுத் தட்டில் மூன்றே தெள்ளு கிடந்ததாகச் சின்னவன் எண்ணிச் சொன்னான்.