ஐந்தடித் தண்ணீரும் நூறு டன் மண்ணும்

சேத்தியாத்தோப்பில் பேருந்து ஏறிக் காட்டுமன்னார்கோவில் பக்கம் போகிறவர்கள், பூதங்குடி தாண்டியதும் தரையை விட்டு உயர்ந்துவிடுகிறார்கள். அங்கிருந்து லால்பேட்டை வரை வண்டி ஓடுவது வீராணம் ஏரியின் கீழைக்கரை மீது. ஒரு பக்கம், எதிர்க்கரை மங்கலாகத் தெரியும் அளவுக்குத் தண்ணீர். மறுபக்கம், அந்தத் தண்ணீர் மட்டத்தைவிடத் தாழ்ந்த வயல்களும் வீடுகளும். இடையே எதிரெதிர் வண்டிகள் ஒதுங்கி வழிவிட்டுப் போகும் ஒரு சாலை. கரையோரக் கிராமங்களுக்குப் பள்ளிக்கூடமும் சந்தையும் ஆஸ்பத்திரியும் இந்தச் சாலை வழியாகத்தான். புதிதாக வருகிறவருக்கு ஒரு சந்தேகம் வரும்: இத்தனை தண்ணீரையும் வெறும் மண்ணா தாங்குகிறது? அதன் தலைமேலா பேருந்து விடுகிறார்கள்?

மண்தான். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 10ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், வெட்டிய ஏரி இது. வீரநாராயணன் என்ற அவனுடைய பட்டப்பெயர்தான் வீராணம் ஆகியிருக்கிறது. இங்கே நிலம் மேற்கிலிருந்து கிழக்கே, கடலை நோக்கிச் சரிகிறது. சரிவுக்குக் குறுக்கே நீளமாகக் கரை போட்டால் தண்ணீர் தானாகத் தேங்கும். கரையின் நீளம் சுமார் 16 கி.மீ. கொள்ளிடத்தின் கீழணையிலிருந்து வடவாறு கொண்டுவரும் நீர் இங்கே நிறைந்து, 34 மதகுகள் வழியாக 44,856 ஏக்கருக்குப் பாய்கிறது. 2004 முதல் சென்னைக்கும் சுமார் 235 கி.மீ. குழாயில் போகிறது.

மழைக்காலம் வந்தால் நாளிதழ்களில் 'வீராணம் முழுக் கொள்ளளவான 47.5 அடியை எட்டியது' என்று செய்தி வரும். ஏழெட்டு ஆள் ஆழத்துக்குத் தண்ணீர் நிற்பதாக நினைத்துவிட வேண்டாம். ஒரு கணக்குப் போட்டாலே அது முடியாது என்று தெரியும். ஏரியின் கொள்ளளவு 1,465 மில்லியன் கன அடி. நீளம் 14 கி.மீ. சராசரி அகலத்தை 2 கி.மீ. என்று குறைத்தே வைத்துக்கொண்டாலும், பரப்பு சுமார் 30 கோடி சதுர அடி. வகுத்துப் பார்த்தால் சராசரி ஆழம் ஐந்தடிக்குள் அடங்கிவிடுகிறது. 47.5 அடி என்பது கடல் மட்டத்திலிருந்து கணக்கிட்ட நீர்மட்டம். தரையிலிருந்து அளந்த ஆழம் அல்ல.

கரையின் முதல் ரகசியம் இந்த ஆழக்குறைவு. நீர் ஒரு சுவரை எவ்வளவு அழுத்துகிறது என்பதை முடிவு செய்வது அதன் ஆழம் மட்டுமே, பரப்பு அல்ல. நெதர்லாந்துப் பகுதியைச் சேர்ந்த சிமோன் ஸ்டெவின் 1586இல் இதை எழுதிவைத்தார். பத்தடித் தண்ணீர் உள்ள கிணற்றின் சுவர் தாங்கும் அழுத்தமும், பத்தடி ஆழத்தில் பல மைல் பரந்த ஏரியின் கரை தாங்கும் அழுத்தமும் ஒன்றே. கண்ணை மிரட்டும் அந்த அகலம் கரைக்கு ஒரு சுமையே இல்லை.

ஒரு மாதிரிக் கரையை வைத்துப் பார்ப்போம். கரையோரம் தண்ணீர் 3 மீட்டர் ஆழம் என்றால், ஒவ்வொரு மீட்டர் நீளக் கரையையும் அது சுமார் நாலரை டன் விசையோடு பக்கவாட்டில் தள்ளும். கரையின் உயரம் 4 மீட்டர், மேலே சாலைக்கு 6 மீட்டர், இருபுறமும் ஒன்றுக்கு இரண்டு என்ற சரிவு என்று கொண்டால், அதே ஒரு மீட்டர் நீளத்தில் ஏறத்தாழ 100 டன் மண் உட்கார்ந்திருக்கிறது. நாலரை டன் தள்ளினால் அது நகராது. மேலே போகும் பேருந்தும் அதற்கு ஒரு பொருட்டல்ல.

அப்படியானால் ஏரிகள் உடைவது எதனால்? நீர் தள்ளி உடைவதைவிட, நுழைந்தும் வழிந்தும் உடைவதே வழக்கம். எந்த மண்கரையும் முழுதாக நீரைத் தடுப்பதில்லை, மெதுவாகக் கசியவிடுகிறது. பிரான்ஸின் திஜோன் நகரில் மணலினூடே நீரைச் செலுத்திப் பார்த்த ஆன்ரி டார்சி, 1856இல் அதற்கு விதி வகுத்தார்: கடக்க வேண்டிய தூரம் கூடக்கூட, கசிவின் வேகம் குறையும். சாலைக்காகக் கரையை அகலமாக வைத்தால் தண்ணீரின் பாதையும் நீள்கிறது. அந்தப் பாதையை நண்டு வளையும் எலி வளையும் செத்த மரத்தின் வேரும் குறுக்கிவிடும். ஓட்டத்தோடு மண் துகள்கள் கிளம்பும், ஓட்டை பெருக்கும், ஓர் இரவில் கரை உள்வாங்கிவிடும்.

மண்ணை இறுக்குவதும் கசிவுக்கு மருந்து. காலால் மிதிப்பது பழைய வழி. ஆட்டுக்கிடையின் குளம்புகள் மண்ணை இறுக்குவதைப் போலவே இறுக்க, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் குமிழ்கள் வைத்த இரும்பு உருளை ஒன்றைச் செய்தார்கள். அதற்கு ஆட்டுக்கால் உருளை என்றே பெயர். எவ்வளவு ஈரத்தில் இறுக்கினால் மண் அதிகம் கெட்டிப்படும் என்பதை ரால்ஃப் புரோக்டர் 1933இல் அளந்து காட்டினார். மிகவும் காய்ந்தாலும் பயனில்லை, சேறானாலும் பயனில்லை.

அடுத்தது அலை. இங்கேதான் ஏரியின் பரப்பு குறுக்கே வருகிறது. காற்று எவ்வளவு தூரம் தண்ணீரின் மேல் ஓடி வருகிறதோ அவ்வளவுக்கு அலை வளரும். மேல்காற்றுக் காலத்தில் அது நேராகக் கீழைக்கரையில்தான் வந்து மோதும். உள்சரிவில் கல் பதிப்பது இதற்காக.

மூன்றாவது, வழிதல். கரைக்கு மேலே தண்ணீர் ஏறிவிட்டால் வெளிச்சரிவு சில மணி நேரத்தில் அறுந்துவிடும். அதற்கு முன்பே உபரியை வெளியேற்ற வேண்டும். ஏரியின் வடகோடியில், பூதங்குடி மதகு வழியாகத் திறக்கும் நீர் சேத்தியாத்தோப்பு அணைக்கட்டில் வெள்ளாற்றோடு சேர்கிறது.

சாலை கரைக்கு நன்மையும் செய்கிறது, கெடுதலும் செய்கிறது. தாரில் விழும் மழை ஊறாமல் ஓரத்துக்கு ஓடி, சரிவை வாய்க்காலாக அறுக்கும். களிமண் கரைகளில் கோடையில் சாலையோரமாக நீளவாக்கில் விரிசல் விடும். அடுத்த மழையில் தண்ணீர் அதற்குள் இறங்கும். ஆனால் நாள்தோறும் ஆள் போகும் கரையில் புதிய ஈரத்திட்டு ஒன்றும் கண்ணுக்குத் தப்பாது. வெள்ளத்தில் மணல் மூட்டை ஏற்றிய லாரி உடைப்பு வாய்வரை போய்ச் சேரவும் இதே சாலைதான் வேண்டும். கோப்புகளில் சாலை ஒரு துறை, நீர் ஒரு துறை. கரைக்கு அந்தப் பிரிவினை தெரியாது. ஓரத்து மண்ணைச் சீராக்கி மழைநீருக்கு வடிகால் வைக்காமல் தார் மட்டும் போட்டால், அது பாதி வேலைகூட இல்லை.