உங்களுக்குத் தெரியுமா? சீனத்துக் கைவேலைகள்

● சீனப் புத்தாண்டு நெருங்கினால் வட சீனக் கிராமங்களில் சன்னலுக்குப் புதுக் காகிதம் ஒட்டி, அதன்மேல் சிவப்புக் காகிதத்தில் வெட்டிய பூவையும் மீனையும் ஒட்டுவது பழைய வழக்கம். 'சன்னல் பூ' என்றே அதற்குப் பெயர். இதுவரை கிடைத்தவற்றில் மிகப் பழைய காகித வெட்டுகள் சின்ஜியாங்கில் துர்ஃபான் அருகே உள்ள கல்லறைகளில் எடுத்தவை. 6ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. மக்காமல் காப்பாற்றியது பாலைவன வறட்சி.

● ஹெபெய் மாகாணத்து யூசியன் ஊர்க்காரர்கள் காகிதம் வெட்டக் கத்தரிக்கோலைத் தொடுவதில்லை. மெல்லிய சுவான் காகிதத்தைக் கட்டாக அடுக்கி, சிறு கத்தியின் நுனியால் எல்லாத் தாள்களையும் ஒருசேரக் குடைந்தெடுக்கிறார்கள். பிறகு சாயம். அதில் தானியச் சாராயம் கலந்தால்தான் மேல் தாளில் வைத்த வண்ணம் அடித்தாள் வரை இறங்குமாம். சாராயத்தால் உருப்படியான காரியமும் நடக்கிறது!

● ஷான்சி மாகாணத்தின் சுன்யி வட்டாரத்தில், மண்குடைவு வீட்டில் வாழ்ந்த விவசாயப் பெண் கூ ஷூலான். 1980களில் ஒரு பள்ளத்தில் விழுந்து நினைவிழந்து கிடந்தார். கண் விழித்ததும், "நான்தான் பூ வெட்டும் அம்மன்" என்று சொல்லிக்கொண்டு, வண்ணக் காகிதத் துண்டுகளை ஆயிரக்கணக்கில் வெட்டி ஒட்டிச் சுவர் நிறைய அம்மன் உருவங்களைப் படைத்தார். 1996இல் யுனெஸ்கோ அவருக்குக் கைவினைக் கலைஞர் பட்டம் அளித்தது. 2004இல் காலமானார்.

● நான்ஜிங்கின் 'மேகப் பட்டு' பேரரசர்களின் அங்கிக்காக நெய்தது. தறி சுமார் 4 மீட்டர் உயரம், 5.6 மீட்டர் நீளம். மேலே ஒருவர் உட்கார்ந்து பூவுக்கான கயிறுகளை இழுக்க, கீழே இருப்பவர் ஊடை ஓட்டுவார். பட்டோடு தங்க இழையும் மயில்தோகை நாரில் திரித்த நூலும் சேரும். இருவர் நாள் முழுக்கப் பாடுபட்டால் நெய்து முடிவது 5, 6 சென்டிமீட்டர்!

● ஹைனான் தீவின் லி இனப் பெண்களுக்குத் தறிமேடை தேவையில்லை. தரையில் உட்கார்ந்து கால் நீட்டி, பாவின் ஒரு முனையைப் பாதத்தால் முட்டுக்கொடுத்து, மறுமுனையை இடுப்பு வாரில் கட்டி இழுத்துப் பிடித்தால் அவ்வளவுதான், உடம்பே தறி. லி மொழிக்குப் பழைய எழுத்து வடிவம் இல்லை. குலக்கதைகளும் நம்பிக்கைகளும் துணிக்கோலங்களிலேயே இருந்தன. அம்மா மகளுக்குச் சொல்லிக்கொடுத்தால் உண்டு. 1950களில் இந்த நெசவை அறிந்த பெண்கள் சுமார் 50,000 பேர்; 2009இல் ஆயிரம்கூட இல்லை. அந்த ஆண்டே யுனெஸ்கோ இதை 'அவசரமாகக் காக்க வேண்டியவை' பட்டியலில் சேர்த்தது. பயிற்சிக்கூடங்கள் வந்தன, பள்ளிகளிலும் சொல்லிக்கொடுத்தார்கள். 2024 டிசம்பரில் அந்த ஆபத்துப் பட்டியலிலிருந்து பொதுப் பட்டியலுக்கு மாற்றினார்கள். ஆபத்துப் பட்டியலுக்குள் போவது சுலபம். இப்படி வெளியே வருவது அபூர்வம்.

● குய்சோ மலைப்பகுதியில் மியாவ் பெண்கள், உருக்கிய தேன்மெழுகைச் செம்புக் கத்தியால் தொட்டுத் துணியில் கோலம் இழுப்பார்கள். அவுரித் தொட்டியில் முக்கி, கொதிநீரில் மெழுகை எடுத்தால் நீலத்தில் வெள்ளைக் கோலம் தயார்.

● செஜியாங் மாகாணம் ரூய்ஆனில் இன்றும் மர எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கோத்து அச்சடிக்கிறார்கள். எதற்கு? குல வம்சாவளிப் புத்தகத்துக்கு! சில பத்தாண்டுகளுக்கு ஒரு முறை குடும்பங்கள் அதைப் புதுப்பிப்பதால் தொழிலுக்கு வேலை இருந்துகொண்டே வந்தது. அருங்காட்சியகக் கண்ணாடிப் பெட்டியைவிட இந்தக் குலப்பெருமைதான் அதற்கு உயிர் கொடுத்தது என்பேன். ஆனாலும் 2010இல் யுனெஸ்கோ இதை ஆபத்துப் பட்டியலில் சேர்த்தபோது, தொழில் முழுதும் தெரிந்தவர்கள் 11 பேர். எல்லாரும் 50 வயதைத் தாண்டியவர்கள்.

● ராமநாதபுரம் மாவட்டம் பெரியபட்டினத்தில் தொல்லியலாளர்கள் தோண்டியபோது சீனப் பீங்கான் ஓடுகள் ஏராளமாகக் கிடைத்தன. லாங்சுவான் சூளைகளின் இளம்பச்சைப் பீங்கானும் அவற்றில் உண்டு. அதைச் சுடும் தொழில்நுட்பம் 2009இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது.

● சீனாவின் மரபுக் கலைப் பாதுகாப்புச் சட்டம் 2011 ஜூன் 1 முதல் அமலில் இருக்கிறது. கலையின் வாரிசு என்று அரசு ஒருவரை அறிவித்தால், அவர் அடுத்த தலைமுறைக்குக் கற்றுக்கொடுத்தே ஆக வேண்டும். தேசிய அளவிலான வாரிசுகளுக்கு 2016 முதல் ஆண்டுக்கு 20,000 யுவான் உதவித்தொகை. தக்க காரணமின்றிக் கடமையைத் தட்டிக்கழித்தால் பட்டத்தைப் பறித்து வேறொருவருக்குத் தரவும் சட்டத்தில் இடமுண்டு. கறாரான ஏற்பாடு, ஆனால் சரியான ஏற்பாடு.